ரெண்டு குடம் நல்ல தண்ணீர்

எங்கள் ஊர்ப் பிள்ளைப்பேறு நிலையத்துக்குப் போகிறவர்கள் ரெண்டு குடம் நல்ல தண்ணீரும் கொண்டுபோக வேண்டும். சர்க்கார் போட்ட சட்டம் இல்லை. அங்கே வேலை பார்த்த நர்ஸம்மா வைத்த வழக்கம். வலி எடுத்தவளைக் கைத்தாங்கலாக நடத்தி வருவார்கள். பின்னாலேயே ரெண்டு பெண்கள் இடுப்பில் குடத்தோடு வருவார்கள். குடமில்லாமல் வந்தால் நர்ஸம்மா உள்ளே சேர்க்கமாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். சேர்த்துக்கொள்வார். கூட வந்தவர்களை மட்டும் ஊற்றுக்கு விரட்டிவிடுவார்.

மண்டபம் ஸ்டேஷனுக்கு மேற்கே, ரயில் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கே கிணறு வெட்டினாலும் உப்பு. பனைகளுக்கு அடியில் மணலைத் தோண்டி, ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையால் மெல்லக் கோரி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கலங்கிவிடும். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். அப்படிக் கொண்டுவந்த தண்ணீரில் முக்கால்வாசியை நர்ஸம்மா தன் கையிலேயே ஊற்றிக்கொள்வார்.

அவர் கை கழுவுவதை நான் நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். சிவப்புக் கார்பாலிக் சோப்பு. முதலில் உள்ளங்கை, பிறகு ஒவ்வொரு விரலாக, பிறகு விரல் இடுக்கு, நகக்கண்ணுக்குத் தனியாக ஒரு சின்ன பிரஷ், கடைசியில் முழங்கை வரைக்கும். முடிந்ததும் கையைத் துடைக்கமாட்டார். விரல்களை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே காற்றில் காயவிடுவார். ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடித்துவிடலாம், அவ்வளவு நேரம் ஆகும். என் மாமியார் அவர் காதுபடவே சொல்வார்: “நர்ஸம்மா கையக் கழுவி முடிக்கிறதுக்குள்ள பிள்ளை பொறந்து, வளந்து, கோயில்ல புது நன்மையும் வாங்கிரும்.” நர்ஸம்மா சிரிக்காமல், “வாங்கட்டும், அதுக்கும் கை கழுவிட்டுத்தான் போவணும்” என்பார்.

அவர் பேர் எனக்குத் தெரியும். ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லவில்லை. திருநெல்வேலிச் சீமைக்காரர். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய கைகள். ஓயாமல் சோப்புப் போட்டு அந்தக் கைகளின் தோல் வெளுத்து, விரல் மடிப்புகளில் வெடிப்பு விட்டிருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னால், எண்ணெயில் தூசி ஒட்டும் என்பார்.

எங்கள் உபதேசியாரையே கை கழுவ வைத்தவர் அவர். எங்கள் ஊர் முழுக்கக் கத்தோலிக்கக் கடற்காரர்கள். பிள்ளை குறைமாதத்தில் பிறந்து தங்காது என்று தெரிந்தால், சாவதற்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். பங்குச் சாமியார் மண்டபத்திலிருந்து வந்து சேர நேரமாகும் என்பதால், கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார்தான் புட்டியில் தீர்த்தத்தோடு ஓடி வருவார். ஒரு தடவை அவர் அப்படி வந்தபோது நர்ஸம்மா புட்டியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இதுல பாசி கெடக்கு.”

உபதேசியாருக்குக் கோபம். நர்ஸம்மா எங்கள் கோயிலைச் சேர்ந்தவர் இல்லை, வேறு சபைக்காரர். மந்திரித்த தண்ணீரைக் குறை சொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்கிற மாதிரி அவர் பேசினார். நர்ஸம்மா குரலை உயர்த்தவே இல்லை. “காய்ச்சி ஆறவச்ச தண்ணிக்குள்ள உங்க சாமி வரமாட்டாரா?” என்று கேட்டார். உபதேசியார் புட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் நீட்டிய சோப்பை வாங்கிக் கை கழுவினார். அன்று முதல் பிரசவ அறை அலமாரியில் காய்ச்சின தண்ணீர் ஒரு புட்டியில் எப்போதும் இருக்கும். சனிக்கிழமை தோறும் மாற்றுவார். எங்கள் ஊரில் அந்த வருஷங்களில் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் காய்ச்சின தண்ணீரில் கிறிஸ்தவர்களானவர்கள்.

என் மகள் பிலோமியும் அப்படித்தான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏழாம் மாதம். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வலி வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். மாமியாரும் அடுத்த வீட்டுக்காரியும் என்னை நடத்திக்கொண்டு போனார்கள். அந்தப் பதற்றத்திலும் மாமியார் ரெண்டு குடத்துக்கு ஆள் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். பிள்ளை என் ரெண்டு கைக்குள் அடங்கிவிட்டது. தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. உள்ளே ஓடுகிற ரத்தம் தெரிந்தது. அழுகைச் சத்தம் வரவில்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. உபதேசியார் வந்து தண்ணீர் ஊற்றிப் பேர் வைத்துவிட்டுப் போனார். மாமியார் வெளியே உட்கார்ந்து, சின்னச் சவப்பெட்டி செய்ய யாரிடம் சொல்வது என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

நர்ஸம்மா பனையோலைப் பெட்டி ஒன்றைக் கொதிக்கவைத்துக் காயப்போட்ட துணியால் உள்ளே சுற்றி, பஞ்சு வைத்து, ரெண்டு பக்கமும் வெந்நீர் அடைத்த சோடாப் புட்டிகளைப் படுக்கவைத்துப் பிள்ளையை நடுவில் கிடத்தினார். என்னிடம் வந்து, “இது தங்குமான்னு என்கிட்ட கேக்காத. எனக்குத் தெரியாது. பால் பீச்சத் தெரியுமா?” என்றார். எனக்குத் தெரியாது. அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

பிள்ளைக்குச் சப்பத் தெம்பில்லை. அதனால் பாலைச் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். பேனாவுக்கு மை ஊற்றக் கடையில் விற்கிற பில்லரின் முனை கூராக இருக்கும், வாயைக் கிழித்துவிடும். நர்ஸம்மாவிடம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கண்ணாடி பில்லர் ஒன்று இருந்தது. முனை உருண்டையானது. தலையில் சிவப்பு ரப்பர் குமிழ். அது ஒன்றுதான் இருந்தது. முன்னால் இருந்த ரப்பரைக் கண்ணாடியோடு சேர்த்துக் கொதிக்கவைத்ததில் அது பிசின் மாதிரி இளகிப்போயிருந்தது. இன்னொன்று வந்து சேர்வதற்குள் ஒரு பிள்ளை போய்விட்டது. அதனால் இந்த ரப்பரை அவர் அடுப்புப் பக்கமே கொண்டுபோகவில்லை. கண்ணாடியைக் கொதிக்க வைப்பார். ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் மூன்று தடவை அமுக்கி அமுக்கி அலசி, வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைப்பார். வேறு ரப்பர் கேட்டு மேலே எழுதிக்கொண்டே இருந்தார். வரவில்லை.

நாலாம் நாளிலிருந்து ஊட்டுகிற வேலையையும் அலசுகிற வேலையையும் என்னிடம் விட்டார். அதற்கு முன்னால் என்னை அவர் கை கழுவ வைத்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மூன்று தடவை கழுவச் சொல்லி, மூன்றாவது தடவையும் என் நகத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, “கருவாடு போவலியே பிள்ள” என்றார். பிறகு அவரே என் கையைப் பிடித்து, பிள்ளைக்குக் கழுவுகிற மாதிரி கழுவிவிட்டார். கூச்சத்தில் எனக்கு முகம் நிமிரவில்லை. நான் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். நர்ஸம்மா ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். அவர் அதைக் கண்டுகொண்டதில்லை.

பிள்ளை தங்கிவிட்டாள். ஒரு வாரம் கழிந்தது. மாமியார் சவப்பெட்டிப் பேச்சை விட்டுவிட்டார். பெட்டியை எட்டிப் பார்த்து, “ஏத்தா, உங்க அப்பன் மூக்குடி” என்றுகூடச் சொன்னார். நர்ஸம்மா அவரையும் ரெண்டடி தள்ளி நிற்கவைத்துத்தான் பார்க்க விட்டார். தாய்ப்பாலைக் கண்ணில் விடக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கக் கூடாது. இத்தனை கூடாதுகளுக்கு நடுவில் ஒரு பிள்ளை பிழைத்துக்கொண்டிருந்தது என்பதால் ஊரில் யாரும் ஒன்றும் பேசவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, ரப்பரை அலசும்போது அதன் வாயைச் சுண்டுவிரலால் கொஞ்சம் புரட்டினேன். உள்ளே ஒட்டியிருந்த ஈரத்தைத் துடைக்கத்தான். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி பட்டால் மேலே வெள்ளையாகப் பூக்குமே, அந்த மாதிரி ஒன்று உள் மடிப்பில் படிந்திருந்தது. விரலில் வழவழவென்று வந்தது. துடைத்தேன். ஆழத்தில் இன்னும் இருந்தது. விரல் அதுவரைக்கும் போகவில்லை.

நர்ஸம்மா நாலடி தூரத்தில் முற்றத்தில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். நான் ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தீர்த்தத்தில் பாசி இருக்கிறது என்று உபதேசியாரிடம் சொன்ன மனுஷியிடம் போய், உங்கள் ரப்பரில் அழுக்கு இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது? அவருக்குத் தெரியாமலா இருக்கும்? சோப்பு போட்டு அலசுகிறோமே, அது போதுமாக இருக்கும். இப்படியெல்லாம் நினைத்தேன். அவர் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி, “என்ன பிள்ள?” என்றார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அன்றைக்கு இன்னொரு தடவை கூடுதலாக அலசினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

நாலைந்து நாளில் பிள்ளையின் நாக்கிலும் கன்னத்து உட்புறத்திலும் தயிர் திரிந்த மாதிரி வெள்ளை. நர்ஸம்மா ஊதா மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தடவினார். பிள்ளையின் வாயும் அவர் விரலும் என் மார்பும் ஊதாவாகிவிட்டன. “என் கையில என்ன கொற இருக்கு?” என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம் இன்னும் அதிகமாகக் கழுவினார். ஒரு குடம் ஒரு வேளைக்கே போதவில்லை. வாயில் இருந்த வெள்ளை குறைந்தது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

ஒரு மாதம் ஆகப்போகும்போது பிள்ளைக்கு ரெண்டு நாள் காய்ச்சல் மாதிரி இருந்து விட்டது. அது விட்ட மறுநாள் காலை நர்ஸம்மா பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்துப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இடது கண்ணின் கருமணிக்கு நடுவில், உள்ளே, ஒரு வெள்ளைப் புள்ளி. குழம்பில் வெந்த மீனின் கண்ணைக் கடற்காரர் வீட்டில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த வெள்ளை.

மாமியார் கண்ணேறு என்றார். சுற்றிப்போட வேண்டும் என்றார். நர்ஸம்மா, “மேல ஒண்ணுமில்ல, உள்ளுக்குள்ள இருக்கு. எனக்கு வைத்தியம் தெரியாது. மதுரைக்குப் போவணும்” என்றார். அவருக்குத் தெரியாது என்பதை அவர் எப்போதும் நேராகச் சொல்லிவிடுவார். அன்று பகல் வண்டிக்கே அவரும் என்னோடும் என் வீட்டுக்காரரோடும் கிளம்பினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு ஸ்டேஷன் விடாமல் புட்டித் தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிக் கை கழுவினார். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஓலைப்பெட்டியைப் பார்த்து, “என்னம்மா, கருவாடா?” என்று கேட்டார். “பிள்ளை” என்றார் நர்ஸம்மா. அந்த மனிதர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

மதுரையில் பெரிய டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்றார். வாயில் வந்த பூஞ்சைக்காளான் ரத்தத்தில் ஏறிக் கண்ணுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, இந்த மாதிரிச் சின்னப் பிள்ளைகளுக்கு எதிர்க்கும் சக்தி கிடையாது, உயிரோடு இருப்பதே பெரிய காரியம் என்று நிதானமாகச் சொன்னார். கண் தெரியுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இதைக் கொல்லுகிற மருந்து நம் பக்கம் இன்னும் வரவில்லை என்றார் டாக்டர். பிறகு, எதால் பால் ஊட்டினீர்கள் என்று கேட்டார்.

நர்ஸம்மா பையைத் திறந்து பில்லரை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இதக் கொதிக்க வைக்கிறதுண்டா?”

“கண்ணாடிய வைக்கிறது.”

“ரப்பர?”

மேஜை மேல் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. நர்ஸம்மா அதை எடுத்து, அத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்த ரப்பரை நீளவாட்டில் வெட்டி, பூ மாதிரி விரித்துவைத்தார். உள்ளே முழுக்க வெள்ளை. நடுநடுவே கறுப்புப் புள்ளிகள். டாக்டர் நல்ல மனிதர். இது ஒன்றால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, எப்படியும் வரலாம் என்றார். நர்ஸம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ரப்பரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியைத் தூக்க நான் கை நீட்டியபோது விலகி வழிவிட்டார். அன்றைக்கு அப்புறம் அவர் பிள்ளையைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார். உச்சிப்புளி தாண்டியதும் கேட்டார்.

“நீதான தெனமும் அத அலசுவ. ஒனக்கு ஏதாவது தட்டுப்பட்டுதா பிள்ள?”

என் வீட்டுக்காரர் எதிரே இருந்தார். மடியில் பிள்ளை இருந்தது. “இல்ல நர்ஸம்மா” என்றேன். நான் அவரிடம் வாய் திறந்து சொன்ன முதல் முழுப் பதில் அதுதான்.

“அப்பச் சரி” என்றார். “ஒம்மேல ஒண்ணுமில்ல. இது என் கை செஞ்சது.” சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. எனக்காகப் பட்ட நிம்மதி.

ரெண்டு மாதத்தில் பிலோமிக்கு ரெண்டு கண்ணும் வெளுத்துவிட்டன.

நர்ஸம்மா வேலையை விடவில்லை. ரெண்டு குடம் மூன்று குடமானது. கார்பாலிக் சோப்புக்குப் பதில் துணி வெளுக்கிற சோடாவைக் கரைத்து அதில் கையை முக்கிக் கழுவ ஆரம்பித்தார். வெடிப்புகளில் ரத்தம் கசிந்தது. அவருக்கு ஏதோ தோல் வியாதி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நிறைமாதப் பிரசவங்களை முன்போலவே பார்த்தார். குறைமாதத்தில் பிறந்தால் மட்டும் தொப்புள்கொடியை அறுத்ததோடு சரி. “ராமநாதபுரத்துக்குக் கொண்டு போங்க. நான் தொடமாட்டேன்” என்பார். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி காலில் விழுந்து கேட்டாள். பிலோமி பிழைத்ததைச் சொல்லித்தான் கேட்டாள். நர்ஸம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அந்தப் பிள்ளை ராமநாதபுரம் போய்ச் சேரவில்லை. அடுத்த வருஷம் இன்னொன்று. அதுவும் போய்ச் சேரவில்லை. ஓலைப்பெட்டியும் சோடாப் புட்டிகளும் அலமாரி மேல் அப்படியே இருந்தன. புது ரப்பர்கள் ஒரு டஜன் வந்து, கட்டுப் பிரிக்காமல் அவற்றின் பக்கத்திலேயே இருந்தன.

நான் சொல்லியிருந்தால் அவர் என்னைத் திட்டியிருப்பார். ஒருவேளை மறுபடியும் பெட்டியை இறக்கியிருப்பார். பாதி பாரத்தை என் தலையில் வைத்துவிட்டுப் பாதியோடு நடந்திருப்பார். எனக்குத் தோன்றுவது இது. தோன்றிய ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

மாதம் ஒருமுறை பிலோமியைப் பார்க்க வருவார். வாசலோடு நிற்பார். நடக்கிறாளா, பல் வந்ததா, என்ன சாப்பிட்டாள் என்று கேட்பார். கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பிலோமி பேசத் தொடங்கியதும் அவருக்குச் ‘சோப்பம்மா’ என்று பேர் வைத்தாள். அவர் தெருமுனையில் வரும்போதே முகத்தைத் தூக்கி, “சோப்பம்மா வாராக” என்பாள்.

அவளுக்கு நாலு வயது நடக்கும்போது நர்ஸம்மாவுக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள வந்தார். சாமான் ஏற்றின மாட்டுவண்டி தெருவில் நின்றது. பிலோமி வாசலில் உட்கார்ந்து அறுந்த வலைத்துண்டை விரலால் தடவி முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அவளுக்கு அந்த வேலைதான். வலையில் எங்கே கிழிந்திருக்கிறது என்று அவள் விரல் சொல்லுகிற மாதிரி யார் கண்ணும் சொல்லாது. அன்றைக்கு அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

“சோப்பம்மா, நீங்க ஏன் என்னையத் தூக்கவே மாட்டேங்குறீக?”

நர்ஸம்மா, “கை ஈரமா இருக்கு பிள்ள” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “கொஞ்சம் தண்ணி ஊத்துறியா?” என்றார்.

குடத்தை எடுத்துவந்து ஊற்றினேன். பையிலிருந்து சோப்பை எடுத்தார். பழைய சிவப்புக் கார்பாலிக் சோப்பு. உள்ளங்கை, ஒவ்வொரு விரலாக, விரல் இடுக்கு. வெடிப்புகளில் நுரை இளஞ்சிவப்பாக மாறியது. அவருக்கு எரிந்திருக்கும், முகத்தில் காட்டவில்லை. நாங்கள் ரெண்டு பேரும் அவ்வளவு கிட்டத்தில் நின்றோம். ‘ரப்பருக்குள்ள நான் பாத்தேன் நர்ஸம்மா.’ நாலே வார்த்தை. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவர் முழங்கைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

“தீந்துபோச்சா?” என்றார். கை முழுக்க நுரை.

“இந்தா கொண்டாறேன்” என்று குடத்தோடு இறங்கினேன்.

அடுத்த வீட்டு வாசலில் ரெண்டு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. கேட்டால் கொடுப்பார்கள். நான் அதைத் தாண்டி ஊற்றுக்குப் போனேன். பனை அடியில் உட்கார்ந்து, சிரட்டையால் கலங்காமல், மெல்ல மெல்லக் கோரிக் குடத்தை நிறைத்தேன். வண்டி மணிச் சத்தம் அங்கேயே கேட்டது. அது ஸ்டேஷன் பக்கம் போய்த் தேய்கிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்தபோது பிலோமி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வலைத்துண்டு மடியிலிருந்து நழுவிக் கிடந்தது. அவளுடைய ரெண்டு கன்னத்திலும், மூடியிருந்த இமைகள் மேலும், சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.